வாசகர் கேள்வி பதில்: மின் கட்டணம் எங்கே குறைவு, எதனால் குறைவு?

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1-ஆம் தேதி மின் கட்டண முறை மாறியதிலிருந்து, வீட்டு பில்லைப் பற்றிய கடிதங்கள் இந்தப் பகுதிக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஓர் ஊரின் கட்டணத்தை இன்னோர் ஊரின் கட்டணத்தோடு ஒப்பிட்டுக் கேட்டவை என்பதால், இந்த இதழில் அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் தொகைகள், வேறு விதமாகக் குறிப்பிட்டிருந்தாலன்றி, வரியைச் சேர்க்காதவை. யூனிட் என்று நான் எழுதுவது மீட்டரில் ஓடும் ஒரு கிலோவாட் மணியைத்தான்; வெள்ளி என்பது மலேசிய ரிங்கிட்டை.

ஆயர் ஈத்தாம் வாசகி, பினாங்கு: ஐயா, என் தம்பி சரவாக்கில், குச்சிங்கில் இருக்கிறான். அங்கே யூனிட்டுக்கு 18 சென்தான் என்கிறான். திருநெல்வேலியில் இருக்கும் என் நாத்தனாருக்கு 100 யூனிட் இலவசம். எங்கள் பில்லிலோ எல்லாவற்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44 சென்னுக்கு மேல் வருகிறது. நாங்கள்தான் ஏமாந்தவர்களா?

இல்லை அம்மா. நீங்கள் மாதம் 300 யூனிட்டை ஒட்டிப் பயன்படுத்தும் குடும்பமாக இருந்தால், இந்த மூன்று ஊர்களிலும் ஏறத்தாழ ஒரே தொகையைத்தான் கட்டுகிறீர்கள். யூனிட்டின் விலையை மட்டும் எடுத்து ஒப்பிடுவதால் இந்தக் குழப்பம் வருகிறது. எத்தனை யூனிட்டுக்கு எந்த விலை, அதிலிருந்து எவ்வளவு கழிகிறது, எத்தனை மாதத்துக்கு ஒரு பில் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

முதலில் உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். எரிசக்திக்கு 27.03 சென், மின்நிலையங்கள் எந்நேரமும் ஆயத்தமாக நிற்பதற்கு 4.55 சென், மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பித் தொடருக்கு 12.85 சென், ஆக யூனிட்டுக்கு 44.43 சென். இது முழு விலை. ஆனால் மாதம் 1,000 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு மின்சிக்கன ஊக்கத்தொகை என்ற ஒரு கழிவு உண்டு. 200 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு அது யூனிட்டுக்கு 25 சென். பயன்பாடு கூடக் கூட அது படிப்படியாக இறங்கி, 901-இலிருந்து 1,000 வரையுள்ள படியில் அரை சென்னாகிவிடுகிறது. 300 யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்குக் கழிவு 22.5 சென். முழு விலையில் 133 வெள்ளி 29 சென் வரவேண்டிய பில், கழிவுக்குப் பின் 65 வெள்ளி 79 சென்னில் நிற்கிறது. 44 சென் என்று உங்களை அச்சுறுத்திய யூனிட்டுக்கு, உண்மையில் நீங்கள் கொடுப்பது 22 சென்னுக்கும் குறைவு.

குச்சிங்கில் உங்கள் தம்பி சொன்ன 18 சென், 150 யூனிட் வரையுள்ள முதல் படிக்கு உரியது. அதற்கு மேல் 22 சென், 25 சென் என்று ஏறி, மிக அதிகமாகப் பயன்படுத்துவோருக்கு 31.5 சென் வரை போகிறது. 300 யூனிட்டில் அங்கே படி 25 சென்; ஆகவே பில் 75 வெள்ளிக்குள் இருக்கும். இதுவரை உங்களுக்கும் அவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாதம் 1,000 யூனிட் ஓடும் வீட்டுக்கு வாருங்கள். படுக்கையறைதோறும் ஏர்கோன் வைத்திருக்கும் குடும்பம் அது. பினாங்கில் அந்த வீட்டுக்கு, 600 யூனிட்டைத் தாண்டினால் வரும் 10 வெள்ளி சில்லறைக் கட்டணத்தையும் சேர்த்து, 449 வெள்ளி 30 சென். குச்சிங்கில் படி 31 சென்தான் என்பதால் 310 வெள்ளியைத் தாண்ட வழியில்லை. சரவாக்கின் மலிவு முழுமையாகப் போய்ச் சேர்வது பெரிய வீட்டுக்காரருக்கு. சிறிய வீட்டுக்காரரைப் பொறுத்தவரை தீபகற்பம் அவரைக் கைவிட்டுவிடவில்லை.

திருநெல்வேலிக் கணக்கில், பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதை மறக்கக்கூடாது. 100 யூனிட் இலவசம் என்பதும் இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத்தான்; 2016 முதல் நடைமுறையில் உள்ளது. மாதம் 300 யூனிட் என்றால் அங்கே ஒரு பில்லுக்கு 600 யூனிட். முதல் 100 இலவசம், அதற்கு மேல் 400 வரை ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, பிறகு ஆறு ரூபாய்க்கு மேல், 500-ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் என்று போய், மொத்தம் 2,900 ரூபாயை ஒட்டி வரும். மாதத்துக்கு 1,450 ரூபாய். ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உங்கள் நாத்தனாரும் 70 வெள்ளியைத் தாண்டிக் கட்டுகிறார். அங்குள்ள சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் அது உங்களுடையதைவிடக் கனமான பில். இன்னும் எளிய குடும்பத்துக்கு நிலைமை வேறு. மாதம் 100 யூனிட் மட்டும் பயன்படுத்தும் வீடு இரண்டு மாதத்துக்கு 250 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். அதே 100 யூனிட்டுக்கு இங்கே ஒரு மாதத்துக்கு 19 வெள்ளி 43 சென். ஏழை வீட்டைத் தாங்கிப் பிடிப்பதில் தமிழ்நாட்டுக் கட்டணம் நம்முடையதைவிடத் தாராளமானது என்பதை மறுக்க முடியாது.

அந்தத் தாராளத்தின் விலையை வேறொருவர் கொடுக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். இலவச யூனிட்டுக்கான பணத்தை மாநில அரசு தன் வரவுசெலவிலிருந்து மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. அப்படியும் அந்த வாரியம் சுமந்து நின்ற இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. சரவாக்கிலோ விலையைத் தாங்குவது ஆறுகள். 1985-இல் இயங்கத் தொடங்கிய பாத்தாங் ஆய் அணை 108 மெகாவாட், மூரும் 944 மெகாவாட், பாக்குன் 2,400 மெகாவாட். பாக்குன் அணையை 2017-இல் சரவாக் அரசே 250 கோடி வெள்ளிக்கு வாங்கிக்கொண்டது. தண்ணீருக்கு எரிபொருள் பில் கிடையாது. நிலக்கரி விலை உலகச் சந்தையில் ஏறினாலும் இறங்கினாலும் குச்சிங் பில் அசைவதில்லை. ஆனால் பாக்குன் நீர்த்தேக்கத்துக்காக ஏறத்தாழ 10,000 பழங்குடி மக்கள், காயான், கென்யா இனத்தவர் உள்ளிட்டோர், தங்கள் நீளவீடுகளை விட்டு சுங்கை ஆசாப் மறுகுடியேற்றப் பகுதிக்குப் போனார்கள். ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர் காடும் வயலும் நீருக்குள் போயின. தோட்டம் கைமாறியபோது வீடிழந்து நின்ற நம் குடும்பங்களின் கதை தெரிந்த எவரும் இதை ஒரு வரியில் கடந்து போகக்கூடாது. யூனிட்டுக்கு 18 சென் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்களுடைய நினைவுதான் முதலில் வருகிறது.

பாக்குனில் உற்பத்தியாகும் மின்சாரத்தைத் தென்சீனக் கடலுக்கு அடியில் கம்பி போட்டுத் தீபகற்பத்துக்குக் கொண்டுவருவதாகத்தான் முதலில் திட்டம் இருந்தது. அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் உங்கள் தம்பியின் அணையிலிருந்து உங்கள் வீட்டுக்கும் மின்சாரம் வந்திருக்கும்.

செந்தூல் வாசகர், கோலாலம்பூர்: சபா மின்வாரியமும் நமக்கு மின்சாரம் தரும் தெனாகா நேஷனலுக்குச் சொந்தமானதுதானே? பிறகு ஏன் அங்கே வேறு கட்டணம்? ஏன் அத்தனை மின்தடை?

சபா மின்வாரியத்தில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமான பங்கு தெனாகாவிடம் உள்ளது, எஞ்சியது மாநில அரசிடம் உள்ளது என்பது சரி. ஆயினும் அது தனி நிறுவனம்; 2024 ஜனவரி முதல் அதை மேற்பார்வையிடும் அதிகாரம் சபாவின் சொந்த எரிசக்தி ஆணையத்துக்கு வந்துவிட்டது. அங்கே முதல் 100 யூனிட்டுக்கு 17.5 சென், அடுத்த 100-க்கு 18.5 சென், மூன்றாவது 100-க்கு 33 சென். ஆக 300 யூனிட்டுக்கு 69 வெள்ளி. கோலாலம்பூர் வீட்டைவிடச் சற்றே அதிகம். 1,000 யூனிட் என்றால் 383 வெள்ளி, அது நம்மைவிடக் குறைவு.

மின்தடைக்குக் காரணம் கட்டணத்தைவிட ஆழமானது. சபாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு மேற்குக் கரையில் எரிவாயுவில் உற்பத்தியாகிறது. சண்டாக்கான், தாவாவ் போன்ற கிழக்குக் கரை நகரங்கள் நீண்டகாலம் டீசல் நிலையங்களை நம்பியிருந்தன. டீசலில் ஆகும் செலவுக்கு அந்தக் கட்டணம் ஈடாகாது. இடைவெளியைக் கூட்டரசு அரசாங்கத்தின் உதவித்தொகை நிரப்பி வந்தது. அப்படி நடக்கும் வாரியத்திடம் புதிய நிலையம் கட்டவும் பழைய கம்பியை மாற்றவும் பணம் சேர்வதில்லை. ஓர் இயந்திரம் பழுதானால் அதன் இடத்தில் ஓடவிட வேறொன்று இருக்க வேண்டும். அந்தக் கையிருப்பு சபாவில் மெலிந்தே இருந்து வந்திருக்கிறது. உங்கள் பில்லில் 4.55 சென் என்று வரும் திறன் கட்டணம் இந்தக் கையிருப்புக்கான பணம்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குக் கட்டுகிறோமே என்று பலர் எனக்கு எழுதுகிறார்கள். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சபாவைப் பார்த்தால் போதும்.

செராஸ் வாசகி, கோலாலம்பூர்: போன மாதம் 349 யூனிட். இந்த மாதம் 353 யூனிட். நான்கே நான்கு யூனிட் கூடியதற்கு பில் 15 வெள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. நீங்கள் ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள்.

பழைய முறையில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100-க்கு 33.4 சென், அதன்பின் 600 வரை 51.6 சென் என்று அடுக்கடுக்காகக் கணக்கிட்டார்கள். ஒரு யூனிட் கூடினால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும்தான் விலை கூடும். இப்போதைய கழிவு அப்படி இல்லை. மொத்தப் பயன்பாடு எந்தப் படியில் விழுகிறதோ, அந்தப் படியின் கழிவு எல்லா யூனிட்டுக்கும் பொருந்தும். 301 முதல் 350 வரை கழிவு 21 சென். 351-ஐத் தொட்டதும் 17 சென். உங்கள் 349 யூனிட்டுக்கு 73 வெள்ளி 29 சென் கழிந்தது. 353 யூனிட்டுக்குக் கழிந்தது 60 வெள்ளி 1 சென்தான். நான்கு யூனிட்டின் விலை 1 வெள்ளி 78 சென். மீதி முழுவதும் இழந்த கழிவு.

ஆனாலும் பழைய முறையோடு வைத்துப் பாருங்கள். 353 யூனிட்டுக்கு அன்று 104 வெள்ளிக்கு மேல் வந்திருக்கும்; இன்று 96 வெள்ளி 83 சென். முறை உங்களுக்கு நட்டமானது அன்று. படிகளின் ஓரத்தில் நிற்பதுதான் நட்டம்.

எல்லாப் படியும் ஒன்றுபோல் இல்லை. 200-ஐத் தாண்டுவதில் ஒரு வெள்ளிச் சொச்சம்தான் போகும். 350-ஐத் தாண்டினால் 14 வெள்ளி, 400-ஐத் தாண்டினால் 10 வெள்ளி. 600-ஐத் தாண்டுவது இவற்றைவிடப் பெரியது. கழிவு குறைவதோடு 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் வந்து சேர்ந்து 19 வெள்ளிக்கு மேல் ஏறும். 600-க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு 8 விழுக்காடு சேவை வரி உண்டு. எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் சரிக்கட்டுத் தொகையும் அதுமுதல் உங்களைச் சேரும், அது கழிவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். எல்லாவற்றிலும் கொடியது 1,500. அதைத் தாண்டினால் எரிசக்திக் கட்டணமே 37.03 சென்னாகி எல்லா யூனிட்டுக்கும் பொருந்துவதால், 1,501-ஆவது யூனிட் ஒன்றுக்காக 150 வெள்ளி கூடுகிறது. கூட்டுக்குடும்பமாக மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழும் நம் வீடுகள் சில இந்த எல்லைக்கு அருகில் இருப்பதை நான் அறிவேன். வீட்டில் எத்தனை பேர் என்று இந்த முறை கேட்பதில்லை. இருவர் வாழும் மாளிகையும் பத்துப் பேர் வாழும் வரிசை வீடும் அதற்கு ஒன்றுதான். இது திருத்தப்பட வேண்டிய குறை என்பது என் உறுதியான கருத்து.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி எளியது. வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் இருந்தால், தெனாகாவின் கைப்பேசிச் செயலியில் அன்றாடப் பயன்பாட்டைப் பார்க்கலாம். பில் தேதிக்கு ஒரு வாரம் முன்பு பாருங்கள். 340-ஐ நெருங்கிவிட்டால் அந்த வாரம் மட்டும் தண்ணீர்ச் சூடேற்றியையும் இஸ்திரிப் பெட்டியையும் கொஞ்சம் கட்டுப்படுத்தினால் போதும்.

பட்டர்வொர்த் வாசகர், பினாங்கு: நான் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி. நம் நாட்டில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கும்போது வெளிநாட்டு நிலக்கரியை ஏன் கப்பலில் கொண்டுவந்து எரிக்கிறோம்? பினாங்குக்கு மின்சாரம் எங்கிருந்துதான் வருகிறது?

ஐயா, முதலில் இரண்டாவது கேள்விக்கு. தீபகற்பம் முழுவதும் ஒரே கம்பித் தொடர். பெர்லிசிலிருந்து ஜொகூர் வரை எந்த நிலையத்தில் உற்பத்தியானாலும் எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வீட்டுக்கு வருகிறது. அதனால்தான் கட்டணமும் எல்லா மாநிலத்துக்கும் ஒன்று. உங்களுக்கு அருகிலேயே பிறையில் 1,071 மெகாவாட் எரிவாயு நிலையம் 2016 முதல் இயங்குகிறது. தெற்கே பேராக் கடலோரத்தில் மஞ்சோங் நிலக்கரி நிலையம் 4,000 மெகாவாட்டுக்கும் மேல் கொடுக்கிறது. தீவுப் பகுதிக்கு மின்சாரம் பெருநிலத்திலிருந்து கடலடிக் கம்பிகள் வழியாகப் போகிறது.

இனி நிலக்கரி. 1970-களில் நம் மின்சாரம் பெரும்பாலும் எண்ணெயை நம்பியிருந்தது. அந்தப் பத்தாண்டில் எண்ணெய் விலை இருமுறை வெடித்தபோது நாடு பாடம் கற்றுக்கொண்டு, 1981-இல் எண்ணெய், நீர், எரிவாயு, நிலக்கரி ஆகிய நான்கையும் கலந்து பயன்படுத்தும் கொள்கையை வகுத்தது. 1990-களில் திரெங்கானு கடலிலிருந்து வந்த எரிவாயு முதலிடம் பிடித்தது. சரவாக்கின் எரிவாயுவோ திரவமாக்கப்பட்டு வெளிநாட்டுக்கு விற்கப்பட்டது. தீபகற்பத்தின் எரிவாயு வயல்களும் முதுமை அடைந்தன. நிலக்கரியோ மலிவாகக் கிடைத்தது. 2000-க்குப் பின் மஞ்சோங், தஞ்சோங் பின், ஜிமா என்று கடலோரமாகப் பெரிய நிலக்கரி நிலையங்கள் எழுந்ததற்கு இதுவே காரணம். இந்தோனேசியா முதலிடத்திலும், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்றவை அடுத்தும் இருந்து நமக்கு நிலக்கரி வருகிறது. தீபகற்ப மின்சாரத்தில் பாதிக்கும் மேல் அண்மை ஆண்டுகளில் அதிலிருந்தே கிடைத்தது.

மலிவு என்று நம்பிய நிலக்கரி 2022-இல் உக்ரேன் போரை ஒட்டி எட்டாத உயரத்துக்குப் போனது. வீட்டு பில்லில் நாம் அதை உணராமல் இருந்ததற்குக் காரணம், 2023-இன் முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் 1,076 கோடி வெள்ளியை அரசாங்கம் தாங்கிக்கொண்டதுதான். அந்தப் பணம் வேறெங்கிருந்தும் வரவில்லை, நம் பொதுப் பணம்.

நீர்மின்சாரம் தீபகற்பத்திலும் உண்டு. பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930-லிருந்து ஓடுகிறது. தெமெங்கோர் 348 மெகாவாட், கென்யிர் 400, பெர்காவ் 600. ஆனால் நம் ஆறுகள் குட்டையானவை, பாக்குன் போலப் பெருவெள்ளம் தருபவை அல்ல. ஆகவே நீரைச் சேர்த்துவைத்து, எல்லாரும் ஏர்கோன் போடும் உச்ச நேரத்தில் திறந்துவிடுகிறார்கள். அதுதான் அந்த நீருக்குச் சரியான பயன்.

2044-க்குள் நிலக்கரியைக் கைவிடுவது என்றும், புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டுவதில்லை என்றும் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அந்த இடத்தைப் பெருமளவு சூரிய ஒளியும் எரிவாயுவும் நிரப்ப வேண்டியிருக்கும்.

துறைமுகத்தில் உழைத்தவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். இந்த நாட்டில் மின்சாரத்தின் கதை 1894-இல் ராவாங் ஈயச் சுரங்கத்தில் தொடங்குகிறது. அங்கே மின்னாக்கியை நிறுவிய இருவர் சுரங்க அதிபர் லோக் இயூவும், பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்ட கா. தம்புசாமி பிள்ளையும். நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய வரலாறு இது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர், கோலாலம்பூர்: என் மகன் சிங்கப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறான். நம் பில்லை அவனிடம் சொன்னால் நம்ப மறுக்கிறான். அங்கே அவ்வளவு அதிகமா?

அதிகம்தான். 2025-இன் மூன்றாம் காலாண்டில் அங்கே யூனிட்டுக்கு 27.47 காசு, சிங்கப்பூர்க் காசில், பொருள் சேவை வரி நீங்கலாக. 300 யூனிட்டுக்கு 9 விழுக்காடு வரியோடு ஏறத்தாழ 90 சிங்கப்பூர் வெள்ளி. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 வெள்ளி 30 சென் என்று கொண்டால் நம் பணத்தில் 300 வெள்ளியை நெருங்குகிறது. இங்கே அதே 300 யூனிட் 65 வெள்ளி 79 சென்.

சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது, அத்தனையும் இறக்குமதி. அணை கட்ட ஆறில்லை, சூரியத் தகடு விரிக்க நிலமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எரிபொருள் விலைக்கேற்பக் கட்டணம் மாறும். கட்டணத்தை அரசு செயற்கையாகத் தாழ்த்துவதில்லை. மாறாக, வீடமைப்புக் கழக வீடுகளில் வாழும் தகுதியுள்ள குடியுரிமைக் குடும்பங்களின் கணக்கில் யூ-சேவ் என்ற கழிவை நேரடியாகச் சேர்த்துவிடுகிறது. விலை உண்மையாக இருக்கட்டும், உதவி தேவைப்படுவோருக்குப் போகட்டும் என்ற எண்ணம் அது. வாடகைக்கு இருக்கும் உங்கள் மகனுக்கு அந்தக் கழிவு கிடைக்காமல் இருக்கலாம் என்பதால், அவர் முழுச் சுமையையும் உணர்கிறார். 2022 முதல் லாவோஸ் நாட்டின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியக் கம்பிகள் வழியாகவே சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியது என்பது உங்கள் இருவருக்கும் பேச நல்ல செய்தி.

மற்றொரு பிரிக்பீல்ட்ஸ் வாசகி: யாழ்ப்பாணத்தில் உள்ள என் சித்தி, இலங்கையில் மின் கட்டணம் சில ஆண்டுகளில் இரண்டு மூன்று மடங்காகிவிட்டது என்கிறார். நம்பலாமா?

நம்பலாம். பல ஆண்டுகள் உயர்த்தாமல் வைத்திருந்த கட்டணத்தை 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பிப்ரவரியில் மேலும் 66 விழுக்காடும் உயர்த்தினார்கள். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் சித்தி சொல்வது சரியென்று தெரியும். பின்னர் ஏற்ற இறக்கங்கள் நடந்தன.

மகாவலி, லக்சபான அணைகளின் நீர் மலிவானது, ஆனால் மழையை நம்பியது. மழை பொய்க்கும்போது நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தையும் எண்ணெய் நிலையங்களையும் முழுமூச்சாக ஓட்ட வேண்டும். 2022-இல் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாதபோது நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. உங்கள் சித்தியின் குடும்பம் அந்த நாள்களைக் கடந்து வந்திருக்கிறது. அவரிடம் பேசும்போது கட்டணத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு: நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறலாமா, கூரையில் சூரியத் தகடு போடலாமா? இரண்டில் எது எங்களுக்கு நல்லது? கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். மாதம் 550 யூனிட் ஆகிறது.

முதலாவதை இன்றே செய்யலாம், செலவில்லை. ஸ்மார்ட் மீட்டர் மட்டும் இருக்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளிவரை பிற்பகல் 2 மணி தொடங்கி இரவு 10 மணிவரை உச்ச நேரம். எரிசக்திக் கட்டணம் 28.52 சென். மற்ற நேரமெல்லாம், வாரக்கடைசியும் பொதுவிடுமுறையும் முழுவதுமாக, 24.43 சென். வழக்கமான 27.03 சென்னோடு ஒப்பிட்டால், உங்கள் பயன்பாட்டில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் உச்ச நேரத்தில் விழாதவரை உங்களுக்கு லாபம். நாள் முழுதும் சீராகப் பயன்படுத்துவதாகக் கொண்டாலும் 550 யூனிட்டுக்கு ஏறத்தாழ 9 வெள்ளி மிஞ்சும். நீங்கள் வீடு திரும்பும் மாலை ஆறிலிருந்து பத்து மணிவரை உச்ச நேரத்துக்குள் வருகிறது. துணி துவைப்பதையும் இஸ்திரியையும் சனி ஞாயிறுக்கு மாற்றி, படுக்கையறை ஏர்கோனை பத்து மணிக்கு மேல் போட்டால் மிச்சம் இன்னும் கூடும்.

சூரியத் தகடு விஷயத்தில் நிதானம் வேண்டும். உபரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு யூனிட் ஈடு கொடுத்த பழைய நெம் திட்டம் 2025 ஜூன் 30-ஆம் தேதி முடிந்துவிட்டது. 2026 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த சோலார் ஆத்தாப் திட்டத்தில், நீங்கள் கம்பித் தொடருக்குள் அனுப்பும் உபரிக்கு எரிசக்திக் கட்டண அளவில்தான் வரவு வைக்கிறார்கள். கம்பிக் கட்டணமும் திறன் கட்டணமும் அதில் சேராது. பகலில் வீட்டிலேயே செலவாகும் மின்சாரத்துக்குத்தான் தகடு முழுப் பயன் தரும். நீங்கள் இருவரும் பகலில் வேலைக்குப் போகிறீர்கள். மேலும், 550 யூனிட்டில் உங்களுக்கு ஏற்கெனவே யூனிட்டுக்கு 10.5 சென் கழிவு கிடைத்து, பில் 190 வெள்ளிக்குள் இருக்கிறது. வீட்டில் வயதான பெற்றோர் பகல்முழுதும் இருக்கும் குடும்பத்துக்கும், 800 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கும் நான் தயங்காமல் போடச் சொல்வேன். உங்களுக்கு இப்போது அவசரமில்லை. மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். அப்போது மீண்டும் எழுதுங்கள்.

கம்போங் பாண்டான் வாசகர், கோலாலம்பூர்: எங்கள் அடுக்குமாடியில் தனியாக வாழும் ஒரு பாட்டிக்கு மாதம் 120 யூனிட்தான் ஓடுகிறது. 44 சென் என்று யாரோ சொல்லக் கேட்டு, பயந்துபோய் இரவில் விசிறியைக்கூட நிறுத்திவிடுகிறார். அவரிடம் என்ன சொல்வது?

விசிறியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். 120 யூனிட்டுக்குக் கழிவு போக அவர் கட்ட வேண்டியது 23 வெள்ளி 32 சென். ஒரு விசிறி இரவு முழுதும் ஓடினால் அரை யூனிட் ஆகும். அவருடைய படியில் அது பத்து சென். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கான 1.6 விழுக்காடு 300 யூனிட்டுக்கு உட்பட்டோருக்குக் கிடையாது. சில்லறைக் கட்டணமும் எரிபொருள் சரிக்கட்டும் சேவை வரியும் அவரைத் தொடா.

அரசாங்கத்தின் வறியோர் பட்டியலான இ-காசேயில் மிக வறிய குடும்பமாகப் பதிவு பெற்றவர்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின் கட்டணக் கழிவு உண்டு. பாட்டி அப்படிப் பதிவு பெற்றிருந்தால் அவர் எதுவுமே கட்ட வேண்டியிராது. இல்லாவிட்டால், அவருடைய அடையாள அட்டையையும் அண்மைய மின் பில்லையும் எடுத்துக்கொண்டு, நீங்களே அவரை வட்டாரச் சமூகநல அலுவலகத்துக்கு அழைத்துப் போய்ப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பில் மறைந்த கணவர் பெயரில் இன்னும் வந்துகொண்டிருந்தால், அதற்கு முன் தெனாகா கிளையில் கணக்கை அவர் பெயருக்கு மாற்றிவிடுவது நல்லது.